திரும்பி வரும் கம்பி

அளவுகளின் கதை – 19

1860-ஆம் ஆண்டு. மால்டா தீவிலிருந்து எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குக் கடலடியில் தந்தி வடம் போட ஏற்பாடு. மைல் கணக்கான வடத்தைச் சுருள் சுருளாகச் சுற்றிக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கியிருந்தார்கள். வடத்தின் நடுவில் செம்புக் கம்பி. அதைப் போர்த்தி, மலாய்க் காட்டு மரங்களின் பாலிலிருந்து எடுக்கும் கட்டாபெர்ச்சா என்ற பிசின். அதற்கும் மேலே சணல், இரும்புக் கம்பி. சூடு பட்டால் கட்டாபெர்ச்சா இளகிவிடும். இளகினால் நடுவில் நிற்க வேண்டிய செம்பு ஒரு பக்கமாக இறங்கிவிடும். கடலுக்கடியில் போட்ட பிறகு அந்தக் குறையைக் கண்டுபிடித்து எந்தப் பயனும் இல்லை.

ஈரமாக அடுக்கிய வைக்கோல் போர் உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறுவதைப் பார்த்திருப்பீர்கள். வடச் சுருளுக்குள்ளும் அப்படி ஏதோ நடக்கிறது என்று பொறியாளர் வில்லியம் சீமென்ஸுக்குச் சந்தேகம். ஆனால் அத்தனை டன் வடத்தின் வயிற்றுக்குள் பாதரச வெப்பமானியைச் செருகினால், அதை யார் உள்ளே போய்ப் படிப்பது? சென்ற வாரம் நாம் பார்த்த பாதரசக் குழாயின் பெரிய குறையே இதுதான். அதைப் படிக்கக் கண் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சீமென்ஸ் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள்களை வடத்தின் அடுக்குகளுக்கு நடுவே வைத்து, அவற்றின் முனைகளை மட்டும் வெளியே இழுத்துக்கொண்டார். செம்பு சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும். டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். வெளியே உட்கார்ந்து தடையை அளந்தால் உள்ளே இருக்கும் சூடு தெரிந்துவிடும். தெரிந்தது. மேல்பரப்பு குளிர்ந்திருக்க, உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் கொட்டிக் குளிர்வித்தார்கள்.

மின்சாரத்தால் வெப்பநிலையை அளக்கும் கலை இப்படி ஒரு கப்பலின் வயிற்றில் வேலைக்குப் போனது. இன்று பால் ஆலையிலும் மருந்துக் கிடங்கிலும் மின்நிலையத்திலும் ஓடும் ‘ஆர்டிடி’ என்னும் மின்தடை வெப்பமானிகள் எல்லாம் அந்தச் சுருளின் வாரிசுகள். ஆனால் நடுவில் ஒரு பெரிய தோல்வி இருக்கிறது. அதைச் சொல்லாமல் காலிபரேஷன் என்ற சொல்லின் பொருளை விளக்க முடியாது என்பது என் எண்ணம்.

சீமென்ஸ் அடுத்து உலைகளின் பக்கம் திரும்பினார். செம்பு அங்கே தாங்காது, பிளாட்டினம் தாங்கும். மெல்லிய பிளாட்டினக் கம்பியைச் சுட்ட களிமண் உருளையில் சுற்றி, இரும்புக் குழாய்க்குள் வைத்து, 1871-இல் ராயல் சொசைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவில் அதை விவரித்தார். பிரிட்டிஷ் அசோசியேஷன் ஒரு குழுவை அமைத்து அந்தக் கருவியைச் சோதித்தது. குழு செய்த சோதனை எளிமையானது. குளிர்ந்த நிலையில் தடையை அளந்தார்கள், உலையில் சூடாக்கினார்கள், மறுபடி குளிரவைத்து அளந்தார்கள். பழைய எண் வரவில்லை. மறுபடி சூடாக்கினார்கள், எண் இன்னும் விலகியது. 1874-இல் வந்த அறிக்கைக்குப் பிறகு, பிளாட்டினம் நம்பத்தகாத உலோகம் என்ற பேச்சு பத்தாண்டுக்கும் மேல் நிலைத்துவிட்டது.

பழி பிளாட்டினத்தின் மேல் விழுந்தது. குற்றம் செய்தவை களிமண்ணும் இரும்பும். கடும் சூட்டில், இரும்புக் குழாய்க்குள் உண்டாகும் வாயுக்களின் துணையோடு, களிமண்ணில் இருக்கும் சிலிக்கா பிளாட்டினத்துக்குள் ஏறி அதைக் கெடுக்கும். ஒவ்வொரு முறை சூடாகும்போதும் கம்பி வேறு ஒரு பொருளாக மாறிக்கொண்டிருந்தது. மாறிய கம்பி பழைய எண்ணை எப்படிச் சொல்லும்?

அந்தப் பழியைத் துடைத்தவர் இயற்பியல் படித்தவர் இல்லை. ஹியூ கேலண்டர் கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும், பிறகு கணிதமும் படித்தவர். 1885-இல் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தபோது ஜே.ஜே.தாம்சன் அவருக்குக் கொடுத்த வேலைதான் இந்தப் பிளாட்டினக் கம்பி. இரண்டே ஆண்டுகளில், 1887-இல், அவர் எழுதிய கட்டுரை ராயல் சொசைட்டி இதழில் வந்துவிட்டது. அவர் செய்ததை ஒரே வரியில் சொல்வதானால், கம்பியை நிம்மதியாக விட்டார். தூய கம்பி, அழுத்திப் பிடிக்காத, கறைப்படுத்தாத தாங்கி, அதைச் சுற்றிக் கண்ணாடி அல்லது பீங்கான் உறை. பின்னாளில் அபிரகத் தகட்டைச் சிலுவையாகச் செருகி அதன் விளிம்புகளில் கம்பியைத் தொங்கவிடும் முறை வந்தது. வேலைக்கு முன் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, இழுத்ததாலும் வளைத்ததாலும் அதற்குள் தங்கிய இறுக்கத்தைப் போக்கினார்கள். அப்படி நடத்தப்பட்ட கம்பி எத்தனை முறை சூடானாலும், பனிக்கட்டிக்குள் திரும்பி வரும்போது பழைய எண்ணையே சொன்னது.

(இவருடைய மகன் கை கேலண்டர்தான் 1938-இல் உலகெங்குமிருந்து வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, கரியமில வாயுவால் பூமி சூடாகிறது என்று கணக்குக் காட்டியவர். தந்தை வெப்பமானியைச் சீராக்கினார். மகன் பூமியின் சூட்டைப் படித்தார். ஒரே வீட்டில் இரண்டும் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கும்.)

கம்பி திரும்பி வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கேள்விக்கு இடம் உண்டு: அது எந்தப் பாதையில் போகிறது? பனிக்கட்டியில் ஒரு தடை, கொதிநீராவியில் ஒரு தடை. இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போட்டுவிடலாமா? கேலண்டர் பிளாட்டினச் சுருளைக் காற்று வெப்பமானியின் குமிழுக்குள்ளேயே வைத்துவிட்டார். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கின்றனவா என்ற வாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று. அப்படி ஒப்பிட்டபோது கோடு லேசாக வளைவது தெரிந்தது. நேர்கோட்டை நம்பினால், உண்மையில் 50 டிகிரி இருக்கும் இடத்தில் பிளாட்டினம் 50.4 என்று சொல்லும். இது சிறிய பிழை. கந்தகம் கொதிக்கும் இடத்துக்குப் போனாலோ நேர்கோடு 422 என்கிறது. உண்மை 444-க்கும் மேல். அந்த வளைவை ஒரே ஒரு எண்ணால் பிடித்துவிடலாம் என்று கேலண்டர் காட்டினார். பிளாட்டினத்துக்கு அந்த எண் ஏறத்தாழ 1.5.

கந்தகத்தைச் சும்மா சொல்லவில்லை. வளைந்த கோட்டுக்கு இரண்டு புள்ளி போதாது, மூன்றாவது வேண்டும். கேலண்டரும் ஈ.எச்.கிரிஃபித்ஸும் சேர்ந்து கந்தகத்தின் கொதிநிலையை 444.53 என்று நிறுவினார்கள். பனி, நீராவி, கந்தகம் என்ற மூன்று புள்ளிகளில் ஒரு பிளாட்டினக் கம்பியைப் பழக்கினால் நடுவில் உள்ள எல்லாச் சூட்டையும் அது சொல்லும் என்று 1899-இல் கேலண்டர் முன்வைத்த யோசனைதான், 1927-இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட வெப்பநிலை அளவுகோலின் முதுகெலும்பு. பூஜ்யத்துக்குக் கீழே இன்னொரு சிறு திருத்தம் தேவைப்பட்டது. அதை 1925-இல் அமெரிக்காவின் வான் டூசன் சேர்த்தார். இன்றும் ஆர்டிடி விற்கும் கடையின் கையேட்டில் கேலண்டர்–வான் டூசன் சமன்பாடு இருக்கும்.

இனி மேசைக்கு வருவோம். நம் ஆலைகளில் அதிகம் புழங்குவது ‘பிடி100’. பூஜ்யம் டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.51 ஓம் காட்ட வேண்டும். பால் பதனிடும் 72 டிகிரியில் 127.84. இது அட்டவணை சொல்லும் கணக்கு. கையில் இருக்கும் உணரி அட்டவணையைப் படித்துவிட்டு வருவதில்லை. ‘பி வகுப்பு’ உணரி 72 டிகிரியில் 0.66 டிகிரி வரை கூட்டியோ குறைத்தோ காட்டலாம். சர்வதேசத் தரமே அதை அனுமதிக்கிறது. 15 விநாடி 72 டிகிரியில் நிற்க வேண்டிய பால் உண்மையில் 71.4-இல் நின்றால் நுண்ணுயிர்கள் அந்த வித்தியாசத்தை அறியும். ஆகவே ஒவ்வொரு உணரியையும் தனித்தனியே உட்காரவைத்து, அதன் குணம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி எப்போதும் பனிக்கட்டியில்தான். இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பால் ஆலையில், என்னிடம் ஒரு பிடி100-ஐக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். பிளாஸ்கில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டிகளைப் போட்டு, உணரியை அடிவரை இறக்கினேன். 100.8 ஓம். கணக்குப் போட்டால் 2 டிகிரி. உணரி பழுது என்று எழுதிவிட்டேன். கருவிப் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். என் தாளைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்க் பக்கம் வந்தார்.

“தம்பி, முனை எங்க இருக்கு?”

“அடியில, அண்ணே.”

“ஐஸ் எங்க இருக்கு?”

“மேல மிதக்குது.”

“அப்ப அடியில இருக்கிறது என்ன?”

தண்ணீர். அதுவும் சாதாரணத் தண்ணீர் இல்லை. நீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரியை ஒட்டி. ஆகவே சற்றே சூடான அந்த நீர்தான் அடியில் போய்த் தங்கும், பூஜ்யத்தில் இருப்பது மேலே நிற்கும். குளிர்நாட்டு ஏரிகள் மேலே உறைந்தும் அடியில் மீன் பிழைத்துக் கிடப்பது இதனால்தான். என் உணரி பொய் சொல்லவில்லை. தான் இருந்த இடத்தின் சூட்டை அது சரியாகத்தான் சொன்னது. நான்தான் அதை வேறோர் இடத்தில் வைத்துவிட்டு, பூஜ்யத்தைச் சொல் என்று கேட்டிருக்கிறேன்.

அண்ணன் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் இன்றும் செய்கிறேன். வடிநீரை உறையவைத்த ஐஸை அரிசிக் குருணைபோல் பொடித்துப் பிளாஸ்கில் அழுத்தி நிரப்ப வேண்டும். பிறகு குளிர்ந்த வடிநீரை, பொடியின் இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். வெள்ளையாக இருந்த பொடி சாம்பல் நிறமாக, கண்ணாடிபோல் ஆகும். எந்தத் துண்டும் மிதக்கக் கூடாது. உருகிய நீர் அடியில் சேரச் சேர எடுத்துவிட்டு மேலே பொடி சேர்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும்; உப்பு உறைநிலையை இறக்கிவிடும். கையில் வியர்வை இருந்தால் ஐஸைத் தொடாதே என்பார் அண்ணன். இவ்வளவும் செய்தால் வீட்டுச் சமையல்கட்டில் கிடைக்கும் பொருள்களை வைத்தே ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையோடு பூஜ்யத்தை உண்டாக்கிவிடலாம். கொதிநீருக்கு இந்தப் பெருமை கிடையாது. காற்றழுத்தம் மாறினால் அது மாறும். உதகையில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கொதிநீரில் வைத்துப் பார்த்துவிட்டேன், சரியாக 100 காட்டுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் ஊர் எது என்று கேட்பேன்.

உணரி எவ்வளவு ஆழம் முழுகியிருக்கிறது என்பது அடுத்த வம்பு. உலோக உறை வெளியறையின் சூட்டை முனைவரை கடத்திக்கொண்டு வரும். உறையின் விட்டத்தைப்போல் பதினைந்து மடங்காவது முழுக வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அந்தக் கணக்கை நம்பி நின்றுவிடுவதில்லை. உணரியை இரண்டு சென்டிமீட்டர் மேலே தூக்கிப் பார்ப்பேன். எண் நகர்ந்தால் ஆழம் போதவில்லை.

கம்பியின் தடையை அளக்க அதற்குள் மின்சாரம் விட வேண்டும். மின்சாரம் போனால் கம்பி சூடாகும். நாம் கேட்கும் கேள்வியே பதிலை மாற்றுகிறது. 1 மில்லியாம்பியர் விட்டால் 100 ஓம் கம்பியில் 0.1 மில்லிவாட் வெப்பம். ஓடும் நீரில் இது பொருட்டில்லை. அசையாத காற்றில் சில நூறில் ஒரு பங்கு டிகிரி ஏறிவிடும். 5 மில்லியாம்பியர் விட்டால் அந்த ஏற்றம் இருபத்தைந்து மடங்கு. நல்ல ஆய்வுக்கூடத்தில் இதைத் தவிர்க்கப் பார்ப்பதில்லை, அளந்து கழித்துவிடுகிறார்கள். முதலில் 1 மில்லியாம்பியரில் ஓர் அளவு, பிறகு 1.414 மில்லியாம்பியரில் இன்னோர் அளவு. இரண்டாவதில் வெப்பம் சரியாக இரட்டிப்பு. இரண்டு எண்களின் வித்தியாசத்தை முதல் எண்ணிலிருந்து கழித்தால், மின்சாரமே விடாதபோது கம்பி என்ன சொல்லியிருக்குமோ அது கிடைத்துவிடும். இந்தச் சின்ன உத்தியின் அழகில் எனக்கு இன்றுவரை அலுப்பு வந்ததில்லை.

இணைப்புக் கம்பியைப் பற்றிச் சுருக்கமாக. உணரியிலிருந்து அளவுமானிக்கு 30 மீட்டர் தூரம், 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இரண்டு என்றால், போக வர 60 மீட்டருக்கு ஏறத்தாழ 2 ஓம். பிடி100-க்கு அது 5 டிகிரிக்கும் மேல். கேலண்டர் தன் உறைக்குள் உணரிக்குப் போகும் கம்பிகளோடு கூடவே, உணரியோடு இணையாத இன்னொரு சோடிக் கம்பியையும் ஓடவிட்டு, தடையை அளக்கும் மின்பாலத்தின் எதிர்ப்பக்கத்தில் சேர்த்தார். அதன் தடை இதன் தடையைத் தின்றுவிடும். இன்றைய மூன்று கம்பி முறை அதன் தம்பி. நான்கு கம்பி முறையில் மின்சாரம் ஒரு சோடியில் போகும், அழுத்தத்தை இன்னொரு சோடி படிக்கும். கம்பியின் தடை கணக்கிலேயே வராது.

பிளாட்டினம் மட்டும்தானா என்று கேட்கலாம். ஏசி, ஃபிரிட்ஜ், டிஜிட்டல் காய்ச்சல்மானி எல்லாவற்றிலும் இருப்பது தெர்மிஸ்டர். சூடேறினால் இதன் தடை குறையும். அதுவும் அதிரடியாக, டிகிரிக்கு 4 சதவீதம்போல. இந்த விந்தையை 1833-லேயே ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் பார்த்திருக்கிறார். பாதை கடுமையாக வளைவதால் கேலண்டரின் சமன்பாடு இங்கே செல்லாது. 1968-இல் ஸ்டைன்ஹார்ட், ஹார்ட் என்ற இருவர் ஆழ்கடல் ஆய்விதழ் ஒன்றில் தந்த மூன்று எண் சமன்பாட்டைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். மூன்று புள்ளிகளில் அளந்தால் மூன்று எண்களும் கிடைத்துவிடும்.

நான் பனிக்கட்டியில் கேட்ட கேள்வியைத் தேசத்தின் அளவில் கேட்கும் இடம் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். 1950-இல் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். மின்சாரத்தால் சூடாகும் கம்பியின் நீளத்தில் வெப்பநிலை எப்படிப் பரவுகிறது என்பதை 1950-களில் அவரே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கோவையிலோ சென்னையிலோ அங்கீகாரம் பெற்ற கூடம் ஒன்று தரும் காலிபரேஷன் சான்றிதழை எடுத்து, இது எதோடு ஒப்பிடப்பட்டது, அது எதோடு ஒப்பிடப்பட்டது என்று படியேறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டெல்லியில் போய் நிற்போம். அங்கே பனிக்கட்டிப் பிளாஸ்குக்குப் பதில் நீரின் மும்மைப் புள்ளிக் குடுவை. தூய நீரை மட்டும் விட்டுக் காற்றை உறிஞ்சி மூடிய கண்ணாடிக் குடுவை அது. நடுவில் வெப்பமானி இறங்க ஒரு குழி. குழிக்குள் உலர்பனியைப் போட்டால் அதைச் சுற்றி உள்ளே பனிச் சட்டை ஒன்று வளரும். பிறகு அறைச் சூட்டில் இருக்கும் ஒரு தண்டைச் சற்று நேரம் குழிக்குள் விடுவார்கள். பனிச் சட்டையின் உள்பக்கம் மெல்லியதாக உருகி, குடுவையை லேசாகத் திருப்பினால் சட்டை தனியே சுழலும். பனி, நீர், நீராவி மூன்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அந்த நிலையில் வெப்பநிலை 0.01 டிகிரி. அழுத்தமோ ஊரோ உயரமோ அதை அசைக்காது. 2019 மே 20 முதல் கெல்வினின் வரையறை வேறு வழிக்குப் போய்விட்டது என்றாலும் வேலைக்கு இந்தக் குடுவைதான்.

அதில் இறங்கும் தர வெப்பமானி 25.5 ஓம் பிளாட்டினம். ஒரு டிகிரிக்கு 0.1 ஓம்தான் மாறும். அந்தப் பிளாட்டினம் எவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும்? 1990-ஆம் ஆண்டின் அளவுகோல் அதை ரசாயனப் பரிசோதனையிடம் விடவில்லை, கம்பியிடமே கேட்கிறது. காலியம் உருகும் 29.7646 டிகிரியில் அதன் தடை, மும்மைப் புள்ளியில் இருந்ததைப்போல் 1.11807 மடங்குக்குக் குறையக் கூடாது. ஆலைகளுக்கான பிடி100 இந்தத் தேர்வில் தேறாது. அதில் வேண்டுமென்றே சிறிது வேற்று உலோகம் கலந்திருக்கிறது. தர வெப்பமானியைக் கைக்குழந்தையைப்போல் தூக்கிப் போவார்கள். மேசையில் லேசாகத் தட்டினாலே உள்ளே தளர்வாகத் தொங்கும் கம்பி சுளுக்கிக்கொண்டு சில ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி விலகிவிடும். அப்புறம் உலையில் வைத்துக் காய்ச்சி ஆறவிட வேண்டும், கேலண்டர் செய்ததைப்போலவே.

ஆலையில் ஓடும் உணரிக்கு அந்தச் சொகுசு இல்லை. அதன் கம்பி பீங்கானில் இறுகப் புதைந்திருக்கும். சூடேறும்போது பீங்கான் ஒரு அளவும் பிளாட்டினம் வேறு அளவும் விரியும். ஏறும்போது ஒரு எண்ணும் இறங்கும்போது சற்றே வேறு எண்ணும் வரும். ஆகவே என் மேசையில் ஒரு நாள் வேலை இப்படிப் போகும். காலையில் பனிக்கட்டியில் ஓர் அளவு. பிறகு எண்ணெய்த் தொட்டியில் 50, 72, 100 என்று ஏற்றம். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் நிற்கும் தர உணரியோடு ஒப்பிட்டு எழுதுவது. அதே புள்ளிகளில் இறக்கம். எண்கள் எல்லாம் தாளில் ஏறிவிட்டன, சமன்பாடும் பொருந்திவிட்டது. அப்போதும் கையெழுத்துப் போடுவதில்லை. உணரியைத் துடைத்து, புதிதாகப் பொடித்த ஐஸில் மறுபடி இறக்கிவிட்டுக் காத்திருப்பேன். 1874-இல் அந்தக் குழு சீமென்ஸின் கம்பியிடம் கேட்ட அதே கேள்வி.

போன செவ்வாய்க்கிழமை காலையில் எழுதியது 100.021 ஓம். மாலை ஐந்தரைக்கு வந்தது 100.023. டிகிரியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. தாளின் கடைசிக் கட்டத்தில் அதை எழுதி, உணரியில் சீட்டு ஒட்டி அனுப்பினேன். அதற்கு முந்தைய வாரம் வந்த ஓர் உணரி 0.15 ஓம் தள்ளித் திரும்பியது. அன்று பகல் முழுக்க அதிலிருந்து எழுதிய எண்கள் அத்தனையையும் அடித்துவிட்டேன்.

(அடுத்த வாரம்: 1821-இல் பெர்லினில் சீபெக்கின் காந்த ஊசி அசைந்த கதை)